முதல் கண்ணாடித் துண்டு

நீங்கள் கதவை இடித்தபோது கண்ணாடியின் மேல் தங்கம் வளர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஏழு நிமிடம் பொறுத்திருந்தால் அந்தத் துண்டு வீணாகியிருக்காது. பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். உங்கள் அவசரம் உங்களுக்கு.

என் வேலையை எளிதாகச் சொல்லிவிடலாம். விரலகலக் கண்ணாடித் துண்டைத் தங்கக் கரைசலில் ஊறவைப்பேன். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் அதன்மேல் முளைத்து வளரும்; கண்ணாடி இளஞ்சிவப்பாகும். தண்ணீரில் காரீயம் இருந்தால் நீலமாகிவிடும். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றப்போகிற கருவி. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

வையம்பட்டிக்கு அப்பால், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகைக்குப் பின்னால் பாப்பாயியின் கிணறு. ஸ்ரீரங்கத்திலிருந்து வாரம் ஒருமுறை, பத்து மாதம் போனேன். ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர். அவள் மகள் மணிமேகலையின் விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். உடம்பில் சத்து இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். குழந்தைக்கு ஆறு வயது. ஊசி குத்தியதும் பிஸ்கட் கொடுப்பேன். ஒரு வாரமும் மறந்ததில்லை.

தண்ணீரில் காரீயம் ஏற ஏற, ரத்தத்திலும் ஏறியது. வாரவாரம் எடுத்த அப்படியொரு அளவீட்டு வரிசை யாரிடமும் கிடையாது. வெளியே சொல்லியிருந்தால் கிணற்றை மூடியிருப்பார்கள். வரிசை பாதியில் நின்றிருக்கும். ஆறாம் மாதம் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டாம் மாதம் படித்த எழுத்துகளை மறந்தாள். தேதியோடு குறித்திருக்கிறேன்.

பாப்பாயி ஒவ்வொரு முறையும் செம்பில் தண்ணீர் நீட்டுவாள். விரதம் என்பேன்.

"போன வாரம் புதன்கிழமை வந்தீங்க, விரதம்னீங்க. இன்னிக்கு சனிக்கிழமை, இன்னிக்குமா? அந்த ரெங்கநாதருக்கே இத்தனை விரதம் கெடையாது சார்," என்று சிரிப்பாள்.

நேற்று வலிப்பு வந்து மணிமேகலை இறந்துவிட்டாள் என்கிறீர்கள். வருந்துகிறேன். ஆனால் தெரிந்தே செய்தேன் என்று எழுதாதீர்கள். ஒரு துண்டு நீலமானால் அது வெறும் சந்தேகம். நாற்பது துண்டாவது வேண்டும். கடைசி வாரம்வரை எனக்கு உறுதியாகத் தெரியாது.

முதல் நாளா? நல்ல வெயில். பாப்பாயி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் முதல் துண்டை நனைத்தேன். இரண்டே நிமிடத்தில் நீலம். வேலிக்குப் பின்னால் போய், தொண்டைக்குள் விரலை விட்டு, குடித்த அத்தனையையும் வாந்தியெடுத்தேன். நிமிர்ந்தபோது மணிமேகலை கையில் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா சார், எங்க தண்ணி நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. நீ குடி."