காலில் கட்டிய சீட்டு

பெருமக்களே, பூச்சி உருண்டை பெரிய பொருளன்று. எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதை மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால், பாடம் செய்த பறவையின் இறகைப் பூச்சி அரித்துவிடும். காவல் நிலையத்தின் பின்னறையில், அரக்கு முத்திரை வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள், என் இருபத்திரண்டு பறவைகள் நான்கு மாதமாகப் பூச்சி உருண்டை இன்றிக் கிடக்கின்றன. திண்டுக்கல் மக்களே, இந்த அநியாயத்துக்குச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். என்மீதுள்ள வழக்கைப் பற்றியும் சொல்கிறேன். அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

என்னை நீங்கள் அறிவீர்கள். அகரத்திலும் ஆயக்குடியிலும் மேடையேறி, அந்தப் பெட்டியைத் திறந்து வைத்து, பறவைகள் ஊர்வனவற்றின் வழி வந்தவை என்று பேசியவன் நான். எவரும் பிரம்மாவின் தலையிலிருந்தோ காலிலிருந்தோ பிறந்துவிடவில்லை, உயிர் முழுவதும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதை உழவனுக்குப் புரியவைக்கப் புத்தகம் போதாது, பறவை வேண்டும். கருடனையும் கள்ளப்பருந்தையும் அருகருகே நிறுத்துவேன். ஒன்றைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள், மற்றொன்றைக் கண்டால் கல்லெறிகிறீர்கள். அலகைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள், இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் செத்த மீனைத் தின்பவை என்பேன். அகரத்தில் மாயக்காள் என்ற அம்மையார் எழுந்து, "ரெண்டும் ஒரே குடும்பம்னா, எங்கோழிக்குஞ்சத் தூக்குனதுக்கு எந்த வீட்டுல போயி நாயம் கேக்க?" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த மக்கள் சிந்திப்பார்கள். நான் மகிழ்ந்தேன்.

பறவைகளை உரித்துப் பாடம் செய்தவன் முனீர். பேகம்பூர்க்காரன், தோல் கிடங்கில் வேலை. சிறுமலையில் பறவை சேகரித்த ஒரு வெள்ளைக்காரரிடம் இளமையில் பழகி அந்தக் கலையைக் கற்றவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். அண்ணே என்றுதான் அழைப்பான். அவனிடம் நான் இரண்டு பாடங்கள் கற்றேன்.

முதற்பாடம், சீட்டு. ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு கட்டுவான். பெயர், கிடைத்த இடம், நாள், ஆணா பெண்ணா, கட்டியவர் யார். "சீட்டு இல்லேன்னா அது வெறும் இறகு மூட்டைண்ணே. கட்டுனதை அப்புறம் வெட்டக் கூடாது. தப்பா இருந்தா இன்னொரு சீட்டு கட்டணும்" என்பான். அந்த ஒழுக்கத்தை இன்றுவரை நான் மீறியதில்லை.

இரண்டாம் பாடம், காயம்பட்ட பறவையை முடிக்கும் முறை. "கத்தி வேணாம்ணே, ரத்தம் பட்டா இறகு பாழு. றெக்கைக்குக் கீழ ரெண்டு பக்கமும் வெரல வச்சு நெஞ்ச அமுக்குங்க. செத்த நேரம். அம்புட்டுத்தான்." காரணமும் சொன்னான். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் உடம்பிலுள்ள காற்றுப்பைகள் நிரம்பும். அந்த அசைவை நிறுத்தினால் மூச்சு நிற்கும். ஒரு மைனா என் உள்ளங்கையில் அப்படித்தான் அடங்கியது. பேசி முடித்தவன் அமர்வதைப்போல இருந்தது.

ஆயக்குடிக் கூட்டத்தில் கொய்யாத் தோப்புக்காரர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, உடும்பு சாதியில இருந்து குருவி வந்துச்சுன்னு சொல்றீங்க. பாதி உடும்பு, பாதி குருவியா ஒண்ணக் காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றார். அன்றைய சிரிப்பு எனக்கு எதிரான சிரிப்பு. பதினைந்து ஆண்டு மேடை வாழ்வில் முதன்முறையாக நன்றி சொல்லாமல் இறங்கினேன்.

முனீரிடம் ஒரு மாதிரி செய்யச் சொன்னேன். செம்போத்தின் உடலில், குட்டி உடும்பின் பல்லோடு கூடிய தாடையையும் வாலையும் பொருத்தினான். தையல் தெரியவில்லை. வழக்கம்போல் சீட்டும் கட்டினான்: 'மாதிரி. செம்போத்து உடல், உடும்புத் தாடை. தைத்தது முனீர்.' அந்தச் சீட்டை நான் வெட்டவில்லை. தொடை இறகுக்குள் மடித்துச் செருகினேன். மேடையில், சிறுமலைக் குகையொன்றில் காய்ந்து கிடந்த ஆதிப்பறவை என்று அறிவித்தேன். அத்தகைய பறவை உலகில் ஒருகாலத்தில் வாழ்ந்தது உண்மை. சிறுமலை என்ற ஒரு சொல் மட்டுமே என்னுடையது.

முனீர் கூட்டங்களுக்கு வருவதில்லை. வேலை விடாது. அகரத்தில் இரண்டாம் முறை பேசியபோது, தன் கைவேலையை மனைவி ஷரீஃபாவுக்குக் காட்ட வந்துவிட்டான். பெட்டியின் முன் மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். கருப்பம்மாள் என்றொரு மூதாட்டி சூடம் ஏற்றி, பல் முளைத்த பறவையைக் கும்பிட்டார்.

முனீர் என் காதருகே குனிந்து சிரித்தான். "சாமி இல்லேன்னு சொல்லத்தான பெட்டியத் தூக்கிட்டு ஊரு ஊரா அலையிறோம். நாமளே ஒண்ணத் தச்சு வச்சுட்டமேண்ணே."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க இயலவில்லை என்று காவல் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். தவறு. நான் சிரிப்பை மதிப்பவன்.

திண்டுக்கல் பெருங்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பேராசிரியர் ஒருவர் வருவதாக இருந்தது. சனிக்கிழமை நண்பகலில், முனீர் பறவை உரிக்கும் கொட்டகைக்குப் போனேன். கோழியொன்றை உரித்துக்கொண்டிருந்தான். ஞாயிறன்று மேடையேறி அந்தச் சீட்டைப் படித்துவிடப்போவதாகச் சொன்னான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

"உங்களக் கேவலப்படுத்த இல்லண்ணே. மாதிரின்னு சொன்னாப் போதும், சனம் ஒத்துக்கிரும். நீங்க சொன்னீங்கன்னா நான் வாயே தெறக்க மாட்டேன்."

"மாதிரியைப் பார்க்க எவன் வருவான், முனீர்?"

"அப்ப இதக் காட்டுங்க." கோழியின் காலை வெட்டி என்னிடம் நீட்டினான். "செதில் பாத்தீங்களா? உடும்புக் காலக் கொண்டாந்து பக்கத்துல வைங்க. ஒண்ணுதான். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலயும் சாட்சி மேயுது. ஒரு ஊசி நூலு வேணுமா இதுக்கு?"

அவன் சொன்னது சரி. சற்று நேரம் அந்தக் காலைக் கையில் வைத்துப் பார்த்தேன். அதைவிடச் சிறந்த சான்றை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. ஆனால் கோழிக்காலைப் பார்க்க எவரும் செருப்பைக் கழற்றமாட்டார்கள்.

அவன் அடுத்த கோழியை எடுக்கக் குனிந்தான். தோலில் தடவ உப்பு இடிக்கும் உலக்கை சுவரில் சாய்ந்திருந்தது. பின்தலையில் ஒருமுறை அடித்தேன். அது மயக்கத்துக்கு மட்டும். கத்தி கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. புரட்டிப் படுக்கவைத்து, நெஞ்சின்மேல் இரு முழங்காலையும் ஊன்றி, அவன் கற்றுக்கொடுத்தபடி அமுக்கினேன்.

இங்கே ஒரு குறிப்பு, மாணவர்களுக்குப் பயன்படும். மைனாவுக்கு இருபது எண்ணுவதற்குள் முடிந்தது. முனீருக்கு முந்நூறு எண்ணியும் முடியவில்லை. உதரவிதானம் உள்ள உயிர் வயிற்றாலும் மூச்சிழுக்கும். நடுவில் கண் விழித்தான். "அண்ணே" என்றான். மறுபடியும் உலக்கையை எடுக்க வேண்டியதாயிற்று. முகத்தில் விழுந்தது. பல் உதிர்ந்தது. பறவையின் விலா எலும்புகளில் சிறு கொக்கிகள் உண்டு, ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். மனிதனுக்கு அவை இல்லை. மூன்று முறியும் ஒலி கேட்டேன். பறவையும் மனிதனும் வேறு வேறு வகுப்பு என்பதை அதுவரை நான் படித்திருந்தேன். முழங்காலுக்கடியில் உணர்ந்தது அன்றுதான்.

அடங்கியபின் கை கழுவினேன். அவனை அப்படியே விட்டுச்செல்ல மனம் ஒப்பவில்லை. சீட்டு இல்லாத உடல் எவருக்கும் பயன்படாது என்று சொன்னவன் அவன். அவனுடைய வெற்றுச் சீட்டுகளிலேயே ஒன்றை எடுத்து எழுதினேன்: 'முனீர். பேகம்பூர், திண்டுக்கல். சனி, நண்பகல். ஆண்.' கட்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். வலக்காலின் பெருவிரலில், அவன் போடும் முடிச்சையே போட்டுக் கட்டினேன். மறுநாள் இரண்டு மணி நேரம் பேசினேன். பேராசிரியர் வரவில்லை, கைதட்டல் குறைவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கும்போது ஷரீஃபா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில் அந்தச் சீட்டு இருந்தது. அவள் அதை வெட்டவில்லை, முடிச்சை அவிழ்த்திருந்தாள்.

என் பெயரைத் தவறிப்போய் எழுதிவிட்டேன் என்று என் வழக்கறிஞர் வாதிட விரும்புகிறார். வேண்டாம் என்றேன். முனீரைக் கொன்றவன் நான்தான். அந்தச் சீட்டில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆகவே பெருமக்களே, எனக்காக எதுவும் கேட்காதீர்கள். பெட்டிக்காகக் கேளுங்கள். ஆயிரம் கையெழுத்து வாங்குங்கள், முத்திரையை உடைக்கச் சொல்லுங்கள், பூச்சி உருண்டை வையுங்கள், ஊர் ஊராகக் கொண்டு செல்லுங்கள். போகும்போது ஒரு கத்தரிக்கோல் எடுத்துச் செல்லுங்கள். கடைசித் தட்டில் பல் முளைத்த பறவை நிற்கும். அதன் இடத்தொடை இறகுக்குள் மடித்த சீட்டொன்று இருக்கும். கட்டியதை வெட்டுவதற்கு என் கை வராது. நீங்கள் வெட்டி எறிந்துவிடுங்கள். மக்களுக்கு உண்மை போய்ச் சேரவேண்டும்.