வெறுந்தூளி

இல்லை தம்பி, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. அஞ்சு கிலோ கல்லுக்குத் தராசு முள் அஞ்சுலதான் நிக்குது, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நானும்தான் பார்த்தேன். பத்தையும் மாட்டிப் பாருங்க. இங்க வர்ற குழந்தைங்க எல்லாம் எட்டுக்கும் பதினாலுக்கும் நடுவுலதான். தப்பு இருந்தா அங்கதான் எங்கயாவது ஒளிஞ்சிருக்கணும்.

ஸ்டூல் ஆடும், பார்த்து ஏறுங்க. ஏம்மா, அதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. கெட்டியா பிடி, அவர் விழுந்தா அவரை எடை போட இங்க தராசு கிடையாது. ம், போதும். நீ போய் வெளிய பெஞ்சுல உட்காரும்மா. உன் அட்டையை எழுதித் தந்துடறேன், பத்து நிமிஷம்.

பத்துக்கும் சரியா இருக்கா. அப்படியா.

இல்லை, சந்தோஷம்தான். சந்தோஷப்படாம என்ன. நீங்க ஃபாரத்தை நிரப்புங்க, நான் அவசரப்படுத்தலை. அதுக்குள்ள ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஒரு ஸ்பிரிங் மூணு மாசம் தப்பாக் காட்டிட்டு, அப்புறம் அதுவாவே சரியாகிடறது உண்டா. தளர்ந்து, மறுபடி இறுகி, அந்த மாதிரி. தராசு ரிப்பேர் பண்ற உங்க அனுபவத்துல பார்த்ததே இல்லையா. சரி. தெரியாமத்தான் கேக்கறேன்.

குழந்தைங்களை எடை போடற இந்த ரூமுக்கு நான் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகுது. என் பேரே யாருக்கும் தெரியாது, எடையம்மான்னுதான் கூப்பிடுவாங்க. மாசத்துல முதல் புதன்கிழமை எடை நாள். இப்போ முப்பத்தெட்டுக் குழந்தைங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை, அட்டையில ஒரு கோடு. கோடு ஏறணும், அவ்வளவுதான் வேலை. கேக்க லேசா இருக்கு, இல்லையா.

அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கே பெரிய தாள், அதைப் பார்த்தீங்களா. முன்னாடி போய்ப் பாருங்க, பரவாயில்லை. எல்லாக் கோடும் ஒரே மாசத்துல விசுக்குனு ஏறியிருக்கும். அது நான் வரைஞ்சது. சிவப்பு மையில.

நாலு மாசம் முன்னாடி இந்த ரூமுல அம்மாக்களை எல்லாம் உட்கார வச்சேன். பாக்கெட்டுல வர்றது எதுவும் வீட்டுக்குள்ள நுழையக் கூடாதுன்னு சொன்னேன். பிஸ்கட், சிப்ஸ், கலர் தண்ணி, ஒண்ணும் வேண்டாம். பருப்பு, கீரை, முட்டை, பழம், வீட்டுல காய்ச்சின கஞ்சி. காலையில அரை மணி நேரம் வெயில்ல விளையாடட்டும். ராத்திரி எட்டு மணிக்கு விளக்கை அணைச்சுடுங்க. போனைக் காட்டிச் சோறு ஊட்டாதீங்க, குழந்தைக்குத் தான் என்ன சாப்பிடறோம்னே தெரியாமப் போயிடும். புதுசா ஒண்ணும் இல்லை, எல்லாரும் சொல்றதுதான். ஆனா நான் சொன்னா செய்வாங்க. என் குரல் அப்படி. ஒரு அப்பா மட்டும் பின்னாடி நின்னுக்கிட்டு, எட்டு மணிக்கு விளக்கை அணைச்சா நான் எங்க போறதுன்னு கேட்டாரு. நீங்களும் தூங்குங்க, உங்களுக்கும் எடை கூடும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லை தம்பி. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

அதே மாசம்தான் பழைய தூளி கிழிஞ்சுது. குழந்தையை உட்கார வச்சுத் தொங்க விடுவோமே, அந்தத் துணி. மெல்லிசு, தொடையை அறுக்கும். குழந்தைங்க அதைப் பார்த்த உடனேயே அலற ஆரம்பிச்சுடும். வேற கேட்டு எழுதினா வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகும். நானே தைச்சேன். நல்ல கெட்டிக் கேன்வாஸ், உள்ள பஞ்சு வச்சு, கால் நுழையற இடத்துல மடிச்சு ரெட்டைத் தையல். ரெண்டு பக்கமும் ஒரு கட்டை, துணி குழந்தையை நெருக்கக் கூடாதுன்னு. ரெண்டு ஞாயித்துக்கிழமை அதுக்கே போச்சு. இன்னொரு வசதியும் வச்சேன். அம்மா மடியிலயே வச்சு ஜட்டி மாட்டற மாதிரி மாட்டிடலாம், அப்புறம் குழந்தையோட தூக்கிக் கொக்கியில போட்டா போதும். தொங்கறதே அதுக்குத் தெரியாது. அந்த மாசம் முப்பத்தெட்டுல மூணே மூணுதான் அழுதுது.

கோடுகளும் ஏறிடுச்சு. ஒவ்வொண்ணும் அரைக் கிலோ, அறுநூறு கிராம். இந்த வயசுல மாசத்துக்கு இருநூறு ஏறினாலே நான் தலையைத் தடவிக் கொடுத்து அனுப்புவேன். பெரிய அதிகாரி ஒருத்தர் வந்து பார்த்துட்டு, மத்த இடத்துல எல்லாம் உங்களை வந்து பேசச் சொல்றோம்னாரு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. கடைக்காரர் மீதி கொடுத்தா ரெண்டு தடவை எண்ணிப் பார்க்கற ஆளு நான். இத்தனை குழந்தையும் ஒரே மாசத்துல எப்படிம்மா அரைக் கிலோ ஏறும்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை நானே கேட்டிருக்கலாம். கேக்கலை. கீரைதான் காரணம்னு நினைச்சேன். நினைக்கப் பிடிச்சிருந்தது.

ஒரு கோடு மட்டும் ஏறலை.

ரெண்டு வயசுப் பொண்ணு. நாங்க சில்வண்டுன்னு கூப்பிடுவோம். வாயை மூடவே மூடாது, தெருமுனையில வரும்போதே சத்தம் வந்துடும். முந்தின மாசம் ஒம்பது கிலோ நூறு. அந்த மாசமும் ஒம்பது கிலோ நூறு. இங்க ஒரு சட்டம் உண்டு தம்பி. எடை இருநூறு கிராம் குறைஞ்சா அன்னைக்கே சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், யாரையும் கேக்க வேண்டாம். அப்படியே நின்னா புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பணும். நின்னுச்சு. அதனால புத்தி சொன்னேன்.

சொல்றதுன்னா எப்படி. எல்லா அம்மாவும் உட்கார்ந்திருக்காங்க, எல்லாருக்கும் முகம் மலர்ந்திருக்கு. அவங்க முன்னாடியே, சில்வண்டோட அம்மாவை நாக்கு மேல பல்லைப் போட்டுக் கேட்டுட்டேன். ஊருக்கே ஏறுது, உன் குழந்தைக்கு மட்டும் ஏறலைன்னா எனக்குத் தெரியாம பிஸ்கட் கொடுக்கறே, இல்லையான்னேன். அந்தப் பொண்ணு முகம் அப்படியே சுண்டிப்போச்சு. இல்லம்மா, நீங்க சொன்னபடிதான்னு ரெண்டு வார்த்தை சொல்லுச்சு. யாரோ பின்னாடி களுக்குனு சிரிச்சாங்க. நானும் தடுக்கலை.

அடுத்த மாசம் ஒரு நோட்டு கொண்டுவந்துச்சு. காலையில ஏழரைக்குக் கஞ்சி, எத்தனை கரண்டி. பத்து மணிக்குப் பழம், பாதி துப்பிடுச்சு. துப்பினதைக் கூட எழுதியிருக்கு தம்பி. தையல் கடையில காஜா எடுக்கற பொண்ணு, அந்த நோட்டுல கையெழுத்தும் தையல் மாதிரியே நேரா இருந்துச்சு. எடையைப் பார்த்தா அதே ஒம்பது நூறு. நோட்டுல எழுதறது வேற, ஊட்டறது வேறன்னு சொல்லி அனுப்பினேன்.

மூணாவது மாசம் ஐம்பது கிராம் ஏறுச்சு. பார்த்தியா, கண்டிச்சா ஏறுதுன்னேன். அப்போ அவ சொன்னா, இல்லம்மா, பாவாடை எலாஸ்டிக்கை ரெண்டு தடவை சுருக்கித் தைச்சுட்டேன், மறுபடியும் நழுவுதுன்னு. அளவெடுத்துத் தைக்கற கை அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா. உன் கண்ணு பெத்தவ கண்ணு, பயத்துல பார்க்கும். தராசுக்குப் பயம் கிடையாதுன்னேன்.

இன்னொண்ணு. சில்வண்டு அந்த மூணு மாசமும் அழவே இல்லை. தூளியில வச்சா தலையைச் சாய்ச்சுக்கிட்டு, கட்டையைப் பிடிச்சுக்கிட்டு, சும்மா என்னையே பார்க்கும். நான் பஞ்சு வச்சதுனாலன்னு நினைச்சேன். பாருங்க, இதுவே இப்போ சமர்த்தாயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் காட்டினேன்.

தண்ணி குடிக்கறீங்களா. வேண்டாமா, நான் கொஞ்சம் குடிச்சுக்கறேன். ஒரு நிமிஷம்.

போன வாரம் சில்வண்டுக்குக் காய்ச்சல், பேதி. நாலு நாள் கழிச்சு, யாரும் அனுப்பாம அவங்களே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. குடல் சாப்பாட்டை உறிஞ்சவே இல்லையாம். பல மாசமாவே இருக்காம். எத்தனை கரண்டி கஞ்சி ஊத்தினாலும் அப்படியே வெளிய போயிடும். அதுக்குக் கீரையும் வெயிலும் என்ன பண்ணும், சொல்லுங்க. முன்னாடியே வந்திருந்தா லேசா முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்போ ஒண்ணும் சொல்ல முடியலைங்கறாரு. நேத்துச் சாயங்காலம் நானும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டு வந்துட்டேன்.

திங்கட்கிழமை காலையில சில்வண்டோட அம்மா இங்க வந்துச்சு. டாக்டர் அட்டையைக் கேக்கறாராம், எந்த மாசத்துல இருந்து இறங்குதுன்னு பார்க்கணுமாம், அதை வச்சுத்தான் மருந்தாம். இறங்கவே இல்லைன்னு நான் சொன்னேன்மா, நம்ப மாட்டேங்கறாங்கன்னுச்சு. அங்க போட்டப்போ எட்டு அறுநூறு காட்டுச்சாம். உங்க மிஷின்தான் தப்பு, எங்க எடையம்மா தராசு தப்பாதுன்னு அவங்ககிட்ட சண்டை போட்டிருக்கு. எனக்காக, தம்பி.

புதன்கிழமை வா, நகல் எடுத்து வைக்கறேன்னேன். நகல் எடுக்க எனக்கு எதுக்கு ரெண்டு நாள். அந்தப் பொண்ணு அதையும் கேக்கலை. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு, ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்தேன்மா, ஊசி போட்ட அன்னைக்கு, ரொம்ப அழுதுது. அதனாலதான் இப்படி ஆச்சான்னு.

போ, பார்க்கலாம்னேன்.

ஃபாரத்துல என்ன எழுதப் போறீங்க. கோளாறு எதுவும் இல்லை. ம். என்ன சொன்னீங்க. முள் இறுகியிருந்தது, சரி செய்யப்பட்டதுன்னா. எழுதலாமா. எழுதினா யாருக்கும் ஒண்ணும் நஷ்டம் இல்லைங்கறீங்க. உங்களுக்கு நல்ல மனசு தம்பி. உண்மையைச் சொல்லணும்னா, போன் பண்ணி உங்களை வரவழைச்சதே அந்த ஒரு வரிக்குத்தான். காலையில நீங்க வந்து பெட்டியைத் திறக்கற வரைக்கும் அந்த நப்பாசை இருந்துச்சு. கல்லும் முள்ளும் ஒத்துப் போகப் போக அதுவும் போயிடுச்சு.

எழுதாதீங்க. மிஷின் தப்புன்னு போட்டா எவ்வளவு தப்பு, எந்த மாசத்துல இருந்துன்னு அந்த டாக்டர் கேப்பாரு. அதுக்கு இந்த ஸ்பிரிங் பதில் சொல்லாது.

மேஜைக்கு அடியில ஒரு மஞ்சள் பை இருக்கும், அதை எடுங்க. ஆமாம், தூளிதான். அதை ஒளிச்சு வச்சுட்டுத்தான் உங்களைச் சோதிக்க விட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் காய்கறிக் கடையில கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். என்னம்மா, துணி எல்லாம் எடைக்கு விக்கறீங்களான்னு கடைக்காரர் சிரிச்சாரு. நானூத்தி இருபது கிராம். ஒம்பது நூத்தி ஐம்பதுல நானூத்தி இருபது போனா எட்டு எழுநூத்தி முப்பது. மீதி நூத்தி முப்பது அந்த நாலு நாள் காய்ச்சலுக்கு. கணக்கு சரியாப் போச்சு.

தூளியை மாட்டிட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிட்டு, அப்புறம்தான் குழந்தையை வைக்கணும். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். தினமும் காலையில வெறும் கொக்கியைப் பார்ப்பேன், முள் பூஜ்யத்துல நிக்கும். என் தூளி குழந்தையோடதான் கொக்கிக்குப் போகும். வெறுமனே அது ஒரு நாளும் தொங்கினதில்லை. அழக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு.

முதல் மாசமே சீட்டு எழுதியிருப்பேன் தம்பி. இருநூறு குறைஞ்சா சீட்டு. அது நானூத்தி இருபது குறைஞ்சிருந்துச்சு. சீட்டுக்குப் பதிலா திட்டு கொடுத்து அனுப்பினேன்.

அட்டையில பழைய எண்ணை அடிச்சுட்டுப் பக்கத்துல சரியான எண்ணைப் போட்டுட்டேன், மூணு மாசத்துக்கும். கையெழுத்தும் போட்டாச்சு. மீதி முப்பத்தேழு அட்டை இன்னைக்கு உட்கார்ந்து திருத்தணும். சுவத்துல இருக்கறதைக் கிழிக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. அதெல்லாம் கைவேலை, முடிஞ்சிடும். இந்த ஒரு அட்டையை நீட்டத்தான் எனக்குத் தெம்பு இல்லை.

அந்த அம்மா யாருன்னா கேக்கறீங்க. உங்களுக்கு ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே, அவதான்.

நீங்க போயிடாதீங்க. தூளியைக் கொக்கியில மாட்டிட்டு, எண்ணை நீங்களே வாய்விட்டுப் படிங்க. நான் சொன்னா, என்னைத் தேத்த அவளே ஒரு காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லிடுவா. நானும் சரின்னு கேட்டுக்குவேன். என்னை எனக்குத் தெரியும்.

உள்ள வாம்மா. உட்காரு. அட்டை இருக்கு, தரேன், முதல்ல இந்த முள்ளைப் பாரு. கிட்ட வந்து பாரு. வெறுந்தூளிதான்மா, உள்ள யாரும் இல்லை. தம்பி, படிங்க.