வடித்துவிட்ட சோறு

“சோத்தை வடிச்சதுக்கு வேலையால நிப்பாட்டுவினமோ, அக்கா?”

துபாயில் சத்வா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் கேட்டாள். மடியில் இறால் பை கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மலையகத்துக்காரி ஒருத்தி.

“சோறுன்னா வடிக்கத்தானே செய்வோம்?”

“இது போர்த்துக்கல் சோறு. இறால், நண்டு, மட்டி எல்லாம் போட்டுத் தண்ணியாத்தான் இருக்கோணுமாம். நான் வேலை செய்யிற வீட்டு மேடம் சொல்லிப்போட்டுத்தான் வெளிய போனவ. என்ர கை கேக்கேல்லை, மூடியைப் பிடிச்சு வடிச்சுப்போட்டன். மேடமின்ர மாமி ஒரு மணிக்குச் சாப்பிட வாறா. திரும்பச் சமைக்க இறால் வாங்கிக்கொண்டு போறன். நிப்பாட்டினா ஊருக்கெல்லோ போகோணும், அங்க ஆமி நிக்குது. இப்ப நேரம் என்ன?”

“பன்னெண்டு ஆவுது. வடிச்ச தண்ணிய திரும்ப ஊத்திட வேண்டியதுதானே?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். மறுபடியும் நேரம் கேட்டாள்.

“ஊத்த ஒண்டுமில்லை, அக்கா. வடிச்ச கையோட, கஞ்சிதானே எண்டு குடிச்சிட்டன்.”

மற்றவள் குரலைத் தாழ்த்தினாள். “எப்படி இருந்துச்சு?”

“அதுதான் பயமாக்கிடக்கு. ருசி முழுக்க என்ர வயித்துக்குள்ள.”