பின்பக்கம் அழிக்கப்பட்ட படங்கள்

2021 மார்ச் 17, புதன். பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். கடும் வெயில். காற்று இல்லை. ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் எங்கள் தெருவின் பின்சந்தில் ஓடுகிறேன். வயது எழுபத்தொன்று. கையில் தகரப் பெட்டி. பின்னால் துப்பாக்கிச் சத்தம். மூன்று தனித்தனியாக. பிறகு நான்கு சேர்ந்தாற்போல. தெருவில் ராணுவ லாரி நிற்கிறது. வீடு வீடாகச் சோதனை.

"படுங்க! தலையத் தூக்காதீங்க!"

யாரோ மாடியிலிருந்து கத்தினார்கள். பெட்டியின் மேல் படுத்தேன்.

அரசு ஆவணக் காப்பகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பின் இந்த வட்டாரத் தமிழர் வரலாற்றுக்காகப் படங்கள் சேர்த்தேன். காப்பகம் கற்றுத்தந்தது ஒன்று: கொடுத்தவர் தெரியாத காகிதம் சாட்சி ஆகாது. ஆகவே ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் எழுதுவேன். பெயர். வீட்டு எண். மாடி. ஒருவர் கொடுத்தவை பழையதோ புதியதோ, ஒரே கட்டில் இருக்கும். பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது முதல் தெருவில் நடந்ததையும் மக்கள் படம் எடுத்துத் தந்தார்கள். அவற்றின் பின்னும் அப்படியே எழுதினேன். கைப்பழக்கம். ராணுவம் இந்தப் பெட்டியைத் திறந்தால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

எழுந்து ஓடுகிறேன். சந்து முனையில் காதர் பாயின் குடைக்கடை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.

"சயா, இங்க வாங்க! பெட்டியக் குடுங்க, குடைங்களுக்குள்ள போட்டுடறேன்!"

சயா என்றால் பர்மியத்தில் ஐயா. நான் நிற்கவில்லை. அவரை நம்பவில்லை. ராணுவத்துக்குத் தகவல் சொல்லும் வார்டு அலுவலக எழுத்தரோடு அவர் டீ குடித்ததை மூன்று முறை பார்த்திருக்கிறேன். கேட்காமலே படம் தந்தவர் அவர். கடை மாடியிலிருந்து எடுத்தவை ஐந்து. போட்டாதாங் படகுத்துறையில் அவருடைய வாப்பா நிற்கும் பழைய படம் ஒன்று. நான் பின்னால் எழுதும்போது சிரித்தார். "என்ன சயா, கல்யாண மொய் மாதிரி எழுதுறீங்க? வாப்பா பேரையும் போட்டுக்குங்க." இவ்வளவு தாராளமாகத் தருபவர் எதற்காகத் தருகிறார்?

மைத்துனன் மகள் மா தாண்டாவின் வீட்டுக்குள் நுழைந்தேன். தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"மாமா, அடுப்புல போட்டுடலாம்."

"எரிக்க மாட்டேன். ரப்பர் இருந்தா குடு."

பென்சில் எழுத்துகளை அழித்தேன். அறுபத்து மூன்று படங்கள். கட்டுகளையும் அவிழ்த்துக் கலைத்தேன். வரிசையும் யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. வெளியே பூட்ஸ் சத்தம். நெருங்கியது. விலகியது. அவர்கள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. பெட்டியோடு ஓடிய கிழவன் எங்கே என்று காதர் பாயைக் கேட்டிருக்கிறார்கள். ரயில் நிலையத்துப் பக்கம் கை காட்டியிருக்கிறார். போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் அவர்களுடைய ஆள்தான், இது நாடகம் என்றார்கள் சிலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். மழைக்காலம் முடிந்தது. அவர் வரவில்லை. நாடகம் இவ்வளவு நீளாது.

அக்டோபரில் காதர் பாயின் மனைவி வந்தார்.

"சயா, அவங்க வாப்பா படம் உங்ககிட்ட இருக்காமே. அவர் வந்ததும் முதல்ல அதத்தான் கேப்பார்."

"பாத்தா அடையாளம் தெரியுமா?"

"நான் கட்டிக்கிட்டு வர்றதுக்கு முன்னாலயே மாமனார் மவுத்தாயிட்டார், பாத்ததே இல்ல. நீங்கதான் பின்னாடி எழுதி வெப்பீங்களே."

படகுத்துறைப் படங்கள் பதினொன்று. வேறு வேறு வீட்டார் தந்தவை. எல்லாவற்றிலும் கைலி போல லோஞ்சி கட்டிய ஓர் இளைஞன், பின்னால் ஆறு. மேசையில் பரப்பினேன். அவர் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முகங்களைப் பார்த்தார். வெகுநேரம். ஒன்றை எடுத்தார்.

"மூக்கு இவரோடது மாதிரி இருக்கு."

இருக்கலாம். எனக்குத் தெரியாது.

"யார் எடுத்துட்டுப் போறான்னு எழுதிக்குங்க சயா."

எழுதவில்லை.

மற்றவர்களையும் கூப்பிட்டேன், தங்கள் படத்தை அடையாளம் காட்டச் சொல்லி. ஒருவரும் வரவில்லை. எதற்குக் கேட்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம். பெட்டியோடு நான் ஓடியதை அன்று ராணுவத்திடம் சொன்னது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. டீக்கடையில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எழுந்து போகிறேன்.

என்னிடம் மிஞ்சிய படங்கள் அறுபத்திரண்டு. இனி சாட்சி சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை. தந்தவர்கள் பத்தொன்பது பேர். இன்று தெருவில் இருப்பவர்கள் பதினெட்டு.