கோடு போட்ட சக்கரம்

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் ஆகிறது. முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்குப் போன் வரும் என்றீர்கள். அதுவரை நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நான் சூதாடியாக இருந்தவன். இப்போது இல்லை. காலேஜ் கடைசி வருஷத்தில் செல்போனில் சீட்டு விளையாட ஆரம்பித்தேன். பரீட்சைப் பணம் போனது. அம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது போனது. அக்காவின் வளையல்களும் போயின. அம்மா என் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்காதான் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பட்டன் போனைக் கையில் கொடுத்தாள்.

"இனிமே அந்தச் சனியனைத் தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுடா. உனக்காக இல்ல, எனக்காக" என்றாள்.

கொடுத்தேன். அன்றோடு தலைமுழுகிவிட்டேன். அதன்பிறகு ஒரு சீட்டைக்கூடத் தொட்டதில்லை. விசாரித்துப் பாருங்கள், யாரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, டயர் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்தை மாட்டுகிறவர் நட்டுகளைக் கையால் திருகி மட்டும் விடுவார். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபின் வேறொருவர் பானா போட்டு ஒவ்வொரு நட்டையும் இறுக முறுக்கி, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடவேண்டும். கோடு விழாத சக்கரத்தோடு எந்த வண்டியும் கடையைத் தாண்டாது. "மாட்டுறவன் அவசரத்துல இருப்பான் மாப்ள. அதான் ரெண்டாவது கை" என்பார் மாமா. அந்த இரண்டாவது கையாக என்னை வைத்தார். அவர் மனைவியின் வளையலைத் திருடிய கைதான் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் 'கோட்டுச்சாமி' என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். அதுவும் பிடித்திருந்தது.

ஆனால் விட்டுவிடுவது என்பது வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல இல்லை சார். உடம்பு வேலை செய்யும், மனசு சீட்டைக் கலைத்துக்கொண்டே இருக்கும். சாப்பாடு இறங்காது. மாமாவின் செல்போன் மேஜைமேல் கிடந்தால் கை அரிக்கும். இரண்டு தடவை எடுத்துவிட்டு, அக்காவை நினைத்துத் திரும்ப வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் உண்மையாகவே மறந்துபோனேன். ஒரு காரின் பின்சக்கரத்தை முறுக்காமல் கோடு போட்டு அனுப்பிவிட்டேன். வண்டி தெருமுனை திரும்பியபிறகு ஞாபகம் வந்தது. அன்று முழுக்கத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அந்த ஆள் திரும்பி வந்து, "என்னப்பா, வண்டி ஒரு மாதிரி ஆடுது?" என்றார். நான் முறுக்கிக் கொடுத்தேன். அப்போது உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது பாருங்கள், அது எனக்குப் பழக்கமான குளிர்ச்சி. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். மேஜைமேல் இருந்த செல்போனை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் அதை ஒரு மருந்தாக எடுத்துக்கொண்டேன். முதலில் ஒரே ஒரு நட்டை விட்டுவைத்தேன். கொஞ்ச நாளில் அது போதவில்லை, ஒரு சக்கரம் முழுவதையும் விடவேண்டியதாயிற்று. ஆனால் எந்த வண்டி என்று நான் தேர்ந்தெடுத்ததே இல்லை. அது பாவம். காலையில் கடைக்கு வரும் முதல் வண்டியின் நம்பர் எந்த எண்ணில் முடிகிறதோ, அதே எண்ணில் முடியும் அடுத்த வண்டி. அப்படி ஒன்று வராத நாளில் எல்லாவற்றையும் ஒழுங்காக முறுக்குவேன். வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது சார். ஆட்டம் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஒரு பால் வேன்காரருக்குத்தான் அப்படி அமையவில்லை. கால் போய்விட்டது. ரோட்டில் இருந்த பள்ளம் என்று எல்லோரும் சொன்னார்கள். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் தம்பி கடையிலேர்ந்து வந்து பாத்தீங்க" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாள் நிறுத்திக்கூடப் பார்த்தேன். கை மறுபடியும் அரித்தது. அக்காவிடம் கொடுத்த வாக்கு போய்விடுமோ என்று பயந்தேன்.

இன்றைக்குக் காலையில் முதலில் வந்த கார் நான்கில் முடிந்தது. அதற்குப்பின் வந்த எதுவும் நான்கு இல்லை. மதியத்துக்கு முன்னால் அக்கா வந்தாள். முன்டயர் இரண்டையும் மாற்றவேண்டும் என்றாள். அவள் காரும் நான்கில்தான் முடிகிறது.

"அம்மாகிட்டப் போறேன்டா. நீ அதைத் தொட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது. உன்னை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லிப் பேசிட்டு வரேன்."

"அம்மா ஒத்துக்கமாட்டா, விடுக்கா."

"ஒத்துக்குவா. நான் விட்டாத்தானே?" என்று சிரித்தாள்.

அவளுக்கு அடுத்து இன்னொரு நான்கு வந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். மாட்டேன் என்று மனசு சொல்லிவிட்டது. விழுந்த சீட்டை மாற்றினால் அது ஏமாற்று வேலை. நான் என்னவெல்லாமோ செய்திருக்கிறேன், ஏமாற்றியதில்லை. வலது சக்கரத்தை முறுக்கினேன். இடது சக்கரத்தில் கோடு மட்டும் போட்டேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"நீ கோடு போட்டா எனக்குப் பயமே இல்லடா" என்றாள். என் கன்னத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துவிட்டுப் போனாள்.

பட்டன் போன் சட்டைப்பையில்தான் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். மாமாகூட, "என்ன மாப்ள, ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டார். ஆனால் ஆட்டத்துக்கு நடுவில் எழுந்து போகக்கூடாது. ஆட்டம் என்றா சொன்னேன்? வாய் தவறிவிட்டது, அதை எழுதவேண்டாம். நான் அவள் பக்கம்தான் நின்றேன் சார். இவ்வளவு நாளில் எந்த வண்டிக்காகவும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. என்னைப் பெற்றவளே கைவிட்டபோது என்னைச் சேர்த்துக்கொண்டவள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நெஞ்சு வலிக்கிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். பால் வேனையும் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றை மட்டும் அக்காவிடம் நீங்கள் சொல்லவேண்டும்: அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை, இந்த நிமிஷம்வரை எதன்மீதும் நான் பந்தயம் வைக்கவில்லை.

உங்கள் போன் அடிக்கிறது. உடனே எடுக்காதீர்கள் சார், கொஞ்சம் அடிக்கட்டும். மணி ஒற்றைப்படையில் நின்றால் அக்கா பிழைத்துவிடுவாள்.