மூன்றாவது இலவசப் பாடல்

2023 ஓகஸ்ட் பதினேழாம் திகதி, வியாழக்கிழமை. பொகவந்தலாவையில் அன்று மழை இல்லை. பல நாள்களாகத் தகரக் கூரைகளைத் தட்டிக்கொண்டிருந்த தூறல் விடியலில் ஓய்ந்து, தேயிலை மலை முழுவதும் இளவெயில் பரவியிருந்தது. அத்தகைய நாளில் எவருக்கும் மனம் மகிழும். எனக்கும் மகிழ்ந்தது.

ஐயா, நீங்கள் கேட்டதால் தொடக்கத்திலிருந்தே கூறுகிறேன். என் பெயர் ஜீவராஜ். கடைவீதியில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பின்னறையில் சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடமும் உண்டு. கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா அக்காவின் பத்துப் பாடல்களை அங்கேதான் பதிவு செய்து, இசைத்தொகுப்பாகக் குறுந்தட்டில் வெளியிட்டேன். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் இருப்பதே அவருடைய ஒரே ஆசை. "காலையில பெரட்டுல நின்னு பேரு குடுக்காம, பாட்டுப் பாடியே பொழைக்கணும் தம்பி. ஒரு வருசமாச்சும்," என்பார். அதை என் ஆசையாகவே ஏற்றுக்கொண்டேன்.

விற்பனைக்கு வழிதேடி, தொகுப்பிலிருந்து இரண்டு பாடல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டேன். இது திருட்டுப் பதிவு அன்று. யாரும் இறக்கிக்கொள்ளலாம், நண்பர்களுக்கு அனுப்பலாம் என்று பாடியவரின் சம்மதத்துடன் அறிவித்தே கொடுத்தேன். "எதச் சும்மா குடுக்குறது, எத விக்கிறதுன்னு நீங்களே பாத்துக்கங்க," என்று அக்கா கூறியது என்னிடம் ஒலிப்பதிவாகவே உள்ளது. நான் சட்டத்தை மதிப்பவன்.

இரண்டையும் பல்லாயிரம் பேர் கேட்டனர். தொகுப்பை வாங்கியவர்களோ என் உறவினர்கள் மட்டுமே. பக்கத்து இனிப்புக் கடை மஃறூப் நானா நாள்தோறும் கேலி செய்தார். "ருசி பாக்க ஒரு துண்டு தொதல் குடுத்தா, ஆளு ஒரு கிலோ கேக்கணும் ஜீவா. ஓங்க துண்டத் தின்னுட்டு வாயத் தொடச்சிக்கிட்டுல்ல போறாங்க."

கேட்டவர்கள் பாடல்களுக்குக் கீழே ஒன்றையே எழுதினர்: ஒப்பாரி இருக்கிறதா? அக்காவின் ஒப்பாரி எங்கள் பக்கமெல்லாம் பெயர்பெற்றது. ஆனால் கூடத்தில் பாட மறுத்தார். "எழவு விழாத வீட்டுல ஒப்பாரி வாயில வரக்கூடாது தம்பி. எழவக் கூப்புட்டாப்ல ஆகிரும். ஆளு செத்தாச் சொல்லுங்க, பாடுறேன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நியாயமான நிபந்தனையாகவே எனக்குப் பட்டது.

அவர் கணவர் மாயாண்டி அண்ணன் கொழும்பில் கட்டட வேலை செய்பவர். அம்மாதத் தொடக்கத்தில் ஊருக்கு வந்தபோது, பழுதடைந்த தம் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, அவசரமாக பஸ் ஏறினார். அன்றே திருத்திவிட்டேன். வேலையில் நான் தாமதிப்பதில்லை. பின்னர் அதனை அணைத்து இழுப்பறையில் வைத்தேன். மழை நிற்கக் காத்திருந்தேன். தகரத்தில் மழை விழும்போது எந்தக் குரலும் தூய்மையாகப் பதிவாகாது.

வியாழக்கிழமை நண்பகலில், அக்காவின் அயல்வீட்டுப் பூரணியைப் புதிய எண்ணிலிருந்து அழைத்தேன். சிங்களம் கலந்த தமிழில், கட்டட மேற்பார்வையாளர் பேசுவதாகக் கூறினேன். மாயாண்டி சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார், உடல் மறுநாள் வரும் என்றேன். மாலையில் மீண்டும் அழைத்து, இறந்தவர் அதே பெயருடைய வேறொருவர் என்று தெரிவிப்பதே திட்டம். நீண்ட துன்பம் எவருக்கும் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

துக்கம் கேட்க முதலில் சென்றவர்களில் நானும் ஒருவன். சுவரிலிருந்து அண்ணனின் படத்தை இறக்கி, விளக்கேற்றி வைத்தவன் நானே. ஒலிவாங்கி அந்தப் படத்தின் பின்னால் இருந்தது. ஒப்பாரி பாடுபவர் படத்தை நோக்கியே பாடுவார். தப்பு அடிப்பவர்களை, "அக்காவுக்குத் தல வலிக்குதாம்," என்று சொல்லி, வரிசை வீடுகளான லயத்தின் மறுகோடிக்கு அனுப்பினேன்.

அக்கா பாடினார். அண்ணன் கடைசியாகத் தேநீர் குடித்த கோப்பையைத் தாம் அவசரப்பட்டுக் கழுவிவிட்டதைக்கூடப் பாட்டில் சொல்லி அழுதார். என் கண்கள் கலங்கின. பதிவின் ஒலியளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டேன்.

போதிய அளவு பதிவானதும், இரண்டாவது அழைப்புக்காகக் கருவியை ஓடவிட்டுத் தெருவுக்கு இறங்கினேன். எதிரே, துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகளைப் பார்த்தபடி, கையில் ஒரு பொட்டலத்துடன் மாயாண்டி அண்ணன் வந்துகொண்டிருந்தார்.

"யாருங்க தம்பி போயிட்டது? கடைவீதியிலயே கொடியப் பாத்துட்டு, எழவு வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதுன்னு சீனி வாங்கியாந்தேன்," என்றார். பின்பு, "போனு இல்லாம வீட்டு நெனப்பாவே இருக்கு. அவ நம்பரும் மனசுல இல்ல. அதான் லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

"மேல போயிப் பாருங்கண்ணே," என்றேன். நானும் பின்னாலேயே ஏறினேன்.

அவரைக் கண்டதும் பூரணி கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டு ஓடினார். "அட, பேயி சீனி வாங்கிட்டு வருதுடா," என்று எவரோ கத்தினார். நடப்பது புரியாமல், அண்ணன் தம் படத்துக்கு முன்னால் பொட்டலத்தை நீட்டியபடி நின்றார். லயமே அழுதுகொண்டு சிரித்தது. தப்புக்காரர்கள் திருவிழா அடிக்கு மாறினர். அவ்வளவு மகிழ்ச்சியான எழவு வீட்டை நான் கண்டதில்லை. பேச்சியம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திறந்த வாயை மூடாமல், வரியின் நடுவிலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் அதனை மூன்றாவது இலவசப் பாடலாக வெளியிட்டேன். தொகுப்பு ஒரு வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. அக்காவுக்கு உரியதைக் குறைவின்றி அண்ணனிடம் சேர்த்தேன். ஓராண்டு பெரட்டுக்குப் போகாமல் இருக்க அது போதும். ஆயினும் அக்கா போகிறார். பேசுகிறார், பாடுவதில்லை. "பாட வாயத் தொறந்தா அதுதான் வருது," என்று பூரணியிடம் கூறினாராம். பனியில் தொண்டை கட்டியிருக்கும் என்பது என் கருத்து. மிளகுக் கசாயம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அழைத்த எண்ணின் சிம் அட்டை என் கடையில் விற்கப்பட்டது என்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் மறுக்கவில்லை. செய்தி பொய், அதைச் சொன்னவன் நான். எவரும் இறக்கவில்லை என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பாடலின் இறுதியில் குரல் ஏன் திடீரென்று அறுந்துவிடுகிறது என்று கேட்போர் வினவுகின்றனர். நான் வெட்டவில்லை, ஐயா. அவரே நிறுத்திய இடம் அது. கருவி காட்டும் நேரம் மாலை நான்கு மணி பத்து நிமிடம்.