நாலு தடவை திரும்பக் கேட்ட கடிதம்

ப்ரூஃப் அக்கா: ...கதவைச் சாத்துங்க மொதல்ல.

கம்ப்யூட்டர்காரர்: சாத்தியாச்சு. என்னக்கா, முகமே பேயறைஞ்ச மாதிரி இருக்கு?

ப்ரூஃப் அக்கா: ஒரு மெயில் அனுப்பிட்டேன். அதைத் திரும்ப வாங்கணும்.

கம்ப்யூட்டர்காரர்: யாருக்கு அனுப்பினீங்க?

ப்ரூஃப் அக்கா: முதலாளியம்மாவுக்கு. அவங்க வீட்டு மெயிலுக்கு.

கம்ப்யூட்டர்காரர்: அப்படி என்ன...

ப்ரூஃப் அக்கா: ராஜினாமா.

கம்ப்யூட்டர்காரர்: ஐயய்யோ! பதினோரு வருஷமா இந்த அச்சகத்துல ப்ரூஃப் பாக்கறீங்க, திடீர்னு என்ன?

ப்ரூஃப் அக்கா: அட்டையைத் தலைகீழா ஒட்டினது பைண்டிங்காரரு. திட்டு எனக்கு. அத்தனை பேர் முன்னால அம்மா, "கண்ணை எங்க வச்சிருந்தே"ன்னு கேட்டா... முந்தாநாள் கோவத்துல மூணு பக்கம் எழுதித் தள்ளிட்டேன். வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பாத்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. அவருக்கு வேலை போய் எட்டு மாசம்.

கம்ப்யூட்டர்காரர்: மெயில்ல "திரும்பப் பெறு"ன்னு ஒரு பட்டன் இருக்கும்...

ப்ரூஃப் அக்கா: நேத்து காலைல வந்ததும் அமுக்கினேனே! போச்சா இல்லையான்னு தெரியல, நாலு தடவை அமுக்கினேன். நீங்க வேற லீவு.

கம்ப்யூட்டர்காரர்: நாலா! அக்கா, அந்தப் பட்டன் நம்ம ஆபீசுக்குள்ளதான் செல்லும். ஊரு உலகமெல்லாம் ஒரே முறையில மெயில் அனுப்புது, நம்ம சாஃப்ட்வேர் மட்டும் தனி ராஜ்ஜியம் நடத்துது. வெளிய போன மெயிலை அதால தொடக்கூட முடியாது.

ப்ரூஃப் அக்கா: அப்ப அது அங்கயேதான் இருக்கா?

கம்ப்யூட்டர்காரர்: கூடவே, "இவங்க மெயிலைத் திரும்பக் கேக்கறாங்க"ன்னு நாலு மெயில் போயிருக்கும்.

ப்ரூஃப் அக்கா: கூப்பிட்டுக் காட்டின மாதிரி ஆயிருச்சே!

கம்ப்யூட்டர்காரர்: இருங்க இருங்க. கடிதத்தை மெயில்லயே அடிச்சீங்களா, தனி ஃபைலா இணைச்சீங்களா?

ப்ரூஃப் அக்கா: இணைச்சேன்.

கம்ப்யூட்டர்காரர்: பொழச்சீங்க! வெளிய போற ஃபைலை நம்ம சாஃப்ட்வேர் ஏதோ ஒரு மூட்டையாக் கட்டிரும். அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. தினம் பத்து பேர் போன் போட்டு என்னைத்தான் திட்றாங்க.

ப்ரூஃப் அக்கா: நெசமாத்தானா? அப்பாடா... அந்தப் பாழாப்போன சாஃப்ட்வேர் நல்லா இருக்கட்டும்!

கம்ப்யூட்டர்காரர்: விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் உக்காந்து பிரிச்சாத்தான் உண்டு... உஷ், அம்மா வர்றாங்க.

முதலாளியம்மா: இங்கதான் இருக்கீங்களா? நீங்க அனுப்பின ஃபைல் திறக்க மாட்டேங்குதே.

ப்ரூஃப் அக்கா: அது வந்து... லீவு லெட்டரும்மா. ஒரு நாளு. இப்ப வேண்டாம்.

கம்ப்யூட்டர்காரர்: அதுல வைரஸ்கூட இருக்கலாம்மா. அழிச்சிருங்க.

முதலாளியம்மா: லீவு லெட்டர்ல வைரஸா! சரி, இந்தாங்க என் போன். நீங்களே அழிச்சிருங்க.

ப்ரூஃப் அக்கா: ...ஆச்சும்மா.

முதலாளியம்மா: சாப்பிட்டீங்களா?

ப்ரூஃப் அக்கா: காலைல சாப்பிடல. ஆமா... என்னம்மா புதுசா, நீங்க வாங்கன்னு...

முதலாளியம்மா: உங்களுக்கும் வயசாகுதில்ல. போய்ச் சாப்பிட்டு வாங்க. மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். அட்டை விஷயத்துல தப்பு உங்களுது இல்லைன்னு அவங்க முன்னாடியே சொல்லணும்.

ப்ரூஃப் அக்கா: எதுக்கும்மா அதெல்லாம்...

முதலாளியம்மா: அப்புறம், நாளைலேருந்து ஜன்னலோர மேசை உங்களுக்கு. அந்த மங்கின லைட்டுக்குக் கீழ உக்காந்து உங்களுக்குத் தலைவலியே வந்துருச்சு.

ப்ரூஃப் அக்கா: அதை நான் யார்கிட்டயும் வாய் விட்டுச் சொன்னதில்லையே...

கம்ப்யூட்டர்காரர்: அம்மா... அந்த ஃபைலு...

முதலாளியம்மா: என் மருமகளும் உன் வேலைதான் பாக்கறாப்பா. முந்தாநாள் சாயங்காலமே பிரிச்சுக் குடுத்துட்டா. மூணு பக்கமும் படிச்சேன். சோறு இறங்கல. எந்த முகத்தை வச்சுக்கிட்டு இவங்களை இருங்கன்னு கேக்கறதுன்னு தவிச்சுப்போனேன்... நேத்து காலைல, திரும்பக் குடுத்துருங்கன்னு ஒண்ணு வந்துச்சு. கை தவறி வந்திருக்கும்னு நினைச்சேன். ரெண்டாவது வந்தப்பவும் நம்பல. நாலாவது வந்தப்பதான்மா எனக்கு மூச்சே வந்துச்சு.